ரிசீவர் எண் இரண்டு

முதுநகர் ஐஸ் கம்பெனிக்கு நான் போனது
கசிந்த மூன்றாம் நாள்.
தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய வாரம்.
ஏலக்கூடத்தில் விலை ஏறியிருந்தது,
மீனுக்கு அல்ல, பனிக்கட்டிக்கு.
கேட்டைத் தாண்டும்போதே கண் எரிந்தது.
உப்பனாற்றுக் காற்று இரண்டு நாள் அடித்தும்
அமோனியா இன்னும் காலி செய்யவில்லை.

மரியசூசை ஃபைலைப் பிரித்தே வைத்திருந்தார்.
பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்:
நீரழுத்தச் சோதனை, சரி.
சுவர்த் தடிமன், சரி.
பாதுகாப்பு வால்வு பதினெட்டு கிலோவில் திறக்கும்.
கையெழுத்து. ஊதா முத்திரை.
"தேதி பாருங்க மேடம்,
மார்ச் வரைக்கும் உயிரோட இருக்கு."

இருக்கிறது.
இந்த ஒரு தாளுக்காகத்தான்
போன வருஷம் பிரீமியத்தில்
இருபத்திரண்டாயிரம் குறைத்தோம்.
குறைக்கலாம் என்று எழுதியவள் நான்.
அன்று கலனைப் பார்த்தேனா என்று
யாரும் கேட்கவில்லை.
மழை. வில்லியனூர் போக வேண்டிய கடைசி பஸ்.
தாளைப் பார்த்தேன்.

கம்ப்ரசர் அறை.
இரண்டாம் எண் ரிசீவர்
வெல்டிங் ஓரத்தில் ஒரு விரல் நீளம் வாய் பிளந்து,
சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுக் கிடந்தது.
அதன் உச்சியில் வால்வு,
ஈய முத்திரை உடையாமல்,
ஒருமுறைகூடத் திறக்காத கன்னிமை.

எதிர்ச் சுவரில், நீல டிஸ்டெம்பர் மேல்,
சாக்பீஸ் எழுத்து.
மணி இடப்பக்கம், கிலோ வலப்பக்கம்.
ஒன்று, பதினாறு.
இரண்டு, பதினேழரை.
மூன்று, பத்தொன்பது.
நான்கு, இருபது. அதற்குக் கீழே கோடு, இரண்டு தடவை.
ஒரு ராத்திரி அல்ல,
நாலு ராத்திரி.

சுவரடியில் ஒரு வாளித் தண்ணீர்.
வாளி விளிம்பில் மஞ்சள் துணி, புதுசு,
விலை ஒட்டி கூட உரிக்கவில்லை.
மரியசூசை வாளியைப் பார்க்கவில்லை.
நானும் பார்க்கவில்லை.
"ஆபரேட்டர் கிறுக்குவான் மேடம்,
படிக்காத பய" என்றார்.
வெளியே எங்கோ ஐஸ் உடைக்கும் கட்டை
தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தது, வேறு கம்பெனியில்.

பாலிசியில் பதினொன்றாம் ஷரத்து:
குறை தெரிந்தும் இயக்கியிருந்தால் பொருந்தாது.
சான்றிதழ் மட்டும் இருந்தால், விபத்து.
நாற்பத்தொரு லட்சம்.
சுவரும் இருந்தால்,
தெரிந்திருக்கிறது.

மொபைலை எடுத்தேன்.
படம் மங்கியது. துடைத்தேன்,
லென்ஸை.
மறுபடி எடுத்தேன்.

மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனை, கண் வார்டு.
பாவாடைசாமி காலடிச் சத்தத்துக்குத் திரும்பினார்,
முகத்தில் பாதி பஞ்சு.
"இன்சூரன்ஸ் அம்மாவா?
சுவத்துல எழுதினதப் பாத்தீங்களா?"
பார்த்தேன் என்றேன்.
"ஒரு மணி நேரம் விடல. மூத்திரம் போறதுன்னாலும்
எழுதிட்டுத்தான் போவேன்.
பத்தொம்போது தாண்டுதுன்னு சொன்னேன் மொதலாளிகிட்ட.
அதான் சர்டிபிகேட் இருக்குல்ல,
வால்வு பாத்துக்கும்னாரு."
கொஞ்சம் நிறுத்தி,
"அது இருக்கறதால பணம் சீக்கிரம் வந்துருமில்ல,
நான் எழுதி வெச்சது?"

அவர் கண்ணுக்கு வேறு பாலிசி.
அதற்குச் சான்றிதழ் வேண்டாம், சுவர் வேண்டாம்,
எத்தனை சதவீதம் போயிற்று என்று
டாக்டர் எழுதினால் போதும்.
அதைச் சொன்னேன்.
அவர் கேட்டதற்கு அது பதில் அல்ல என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
பக்கத்துக் கட்டிலில் ஒருவர்
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்,
தோல் எல்லாம் ஒரே துண்டாக.

புதுச்சேரி அலுவலகம். இரவு எட்டு.
இணைப்பு ஒன்று, சான்றிதழ்.
இணைப்பு இரண்டு, வால்வு.
இணைப்பு மூன்று, சுவர்.
ஸ்டேப்ளரை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன்.
பீரோவில் போன வருஷக் கட்டு, அதில்
'நேரில் ஆய்வு செய்யப்பட்டது' என்ற வரிக்கடியில்
என் கையெழுத்து, வால் நீண்டு,
பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில்.

இணைப்பு நான்கு என்று எழுதினேன்.
பின் தீர்ந்திருந்தது.
பக்கத்து மேசையில் கேட்டேன்.
ஒரே ஒன்று கொடுத்தார்கள்,
லேசாகத் துருவேறியது.